வல்ச்சர் சிட்டியின் ஆவிகளும் அவற்றைப் பெற்றெடுத்த தங்கச் சுரங்கமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் பயணம் போகவிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே பாலைவனத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வல்ச்சர் சிட்டியில் ஆவிகள் உலவுகின்றன என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அது உண்மையா? அங்கே இரவில் போகலாமா? பழைய தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா? சுருக்கமாகச் சொன்னால், ஊருக்கு அவசியம் போக வேண்டும். ஆவிகளுக்காக இரவைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இவற்றுக்கான காரணங்களைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே பார்க்கக் கிடைப்பது ஆவிக் கதைகளைவிடப் பெரியது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுரங்கம் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. பிரஷியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹென்றி விக்கன்பர்க் என்பவர் 1863-இல் இந்தப் பகுதியில் தங்கம் ஓடும் குவார்ட்ஸ் பாறையைக் கண்டுபிடித்தார். சுட்டு வீழ்த்திய கழுகை எடுக்கப் போனபோது கண்டார் என்றும், முரண்டு பிடித்த கழுதையின் மேல் எறியக் கல்லைத் தூக்கியபோது அதன் கனத்தை உணர்ந்தார் என்றும் கதைகள் உண்டு. மேற்கு அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாத் தங்கச் சுரங்கத்துக்கும் இப்படி ஒரு கழுதைக் கதை இருப்பதால் இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1942 வரை, இடையிடையே மூடியும் திறந்தும், அந்தச் சுரங்கம் சுமார் 3,40,000 அவுன்ஸ் தங்கத்தையும் 2,60,000 அவுன்ஸ் வெள்ளியையும் தந்தது. நம் கணக்கில் பத்தரை டன் தங்கம், எட்டு டன் வெள்ளி. அரிசோனாவின் வரலாற்றில் மிக அதிகமாகத் தங்கம் தந்த சுரங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். உச்ச காலத்தில் ஊரில் 5,000 பேர் வரை வாழ்ந்ததாகச் சொல்வதும் உண்டு.

ஆவிகளைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். சுரங்கம் இருந்த இடத்தில் தண்ணீர் கிடையாது. தாதுவை இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்து, பாதரசத்தோடு சேர்த்தால்தான் தங்கம் பிரியும். ஆகவே தொடக்கத்தில் தாதுவை வண்டிகளில் ஏற்றி, பத்து மைலுக்கும் அப்பாலிருந்த ஹஸ்ஸயாம்பா ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கழுதைகள் சுற்றிவர, பெரிய கற்கள் தாதுவை அரைக்கும் அராஸ்ட்ரா என்ற, நம் ஊர்ச் செக்கைப் போன்ற எளிய அமைப்புகள் இயங்கின. இப்படி ஆற்றங்கரையில் வளர்ந்த குடியிருப்புதான் இன்றைய விக்கன்பர்க் ஊர். ஹென்றி விக்கன்பர்க்கிடம் தாதுவை வெட்டி எடுக்கப் பணமும் ஆளும் இல்லாததால், தாங்களே வெட்டித் தாங்களே சுமந்துபோக ஒப்புக்கொண்டவர்களுக்கு டன் ஒன்றுக்கு 15 டாலர் என்று தாதுவை விற்றார். 1880-ஐ ஒட்டித்தான் ஆற்றிலிருந்து குழாய் பதித்து, சுரங்கத்தின் அருகிலேயே 80 உலக்கைகள் கொண்ட பெரிய தாது இடிக்கும் ஆலையை ஒரு நிறுவனம் நிறுவியது.

இந்தத் தாகமும் பசியும்தான் ஒரு மாநகரத்தின் பிறப்புக்கும் காரணம். சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தானியமும் கால்நடைகளுக்குத் தீவனமும் தேவைப்பட்டன. அந்த வியாபாரத்தைக் கண்டுகொண்ட ஜாக் ஸ்விலிங் என்பவர் 1867-இல் விக்கன்பர்க்கில் ஒரு பாசன நிறுவனத்தைத் தொடங்கி, சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டி, பிறகு மண்மூடிக் கிடந்த வாய்க்கால்களின் தடத்தில் தண்ணீரை மறுபடியும் ஓடவிட்டார். பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழுந்தது என்ற பொருளில், அங்கே உருவான ஊருக்கு பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் விமானத்தில் வந்திறங்கும் நகரம், நீங்கள் பார்க்கப் போகும் இடிந்த ஊரின் பசிக்குச் சோறு போட உருவானது. தாய் ஊர் செத்து, பிள்ளை ஊர் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரமாகிவிட்டது. எந்த ஆவிக் கதையும் இதற்கு ஈடாகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

இனி ஆவிகளுக்கு வருகிறேன். வல்ச்சர் சிட்டியில் பேய் நடமாட்டம் என்று சொல்லப்படுவனவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஆளற்ற கட்டடங்களில் காலடிச் சத்தம், காதருகே முணுமுணுப்பு, ஜன்னலில் நிழல், காரணமில்லாமல் வீசும் குளிர்காற்று, எங்கிருந்தோ வந்து விழும் சிறு கற்கள் என்ற சில வகைகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த அனுபவங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சத்தங்களைக் கேட்டவர்கள் உண்மையாகவே கேட்டிருக்கக்கூடும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் கருத்து மாறுபடுகிறது.

சோனோரா பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையே 15 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பம் மாறுவது சாதாரணம். பகல் முழுக்க வெயிலில் விரிந்த தகரக் கூரையும் ஆணியடித்த பலகைகளும் சூரியன் மறைந்த பிறகு சுருங்குகின்றன. அந்தச் சுருக்கம் சீராக நிகழாமல் விட்டுவிட்டு நிகழ்வதால், ஒருவர் மெல்ல நடந்துபோவது போன்ற தட்தட் சத்தம் எழுகிறது. பழைய கற்சுவர்களில் சுண்ணாம்புக்குப் பதிலாக மண்சாந்து இருக்கும் இடங்களில் அது உதிர்ந்து, சிறு கற்கள் தாமாகவே விழும். கூகை, வௌவால், எலி, கயோட்டி என்ற பாலைவன ஓநாய் ஆகியவை இரவில்தான் நடமாடுகின்றன. கயோட்டிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஊளையிட்டால், முன்பின் கேட்டிராதவருக்குப் பெண்கள் கூட்டமாக அழுவதாகவே தோன்றும்.

குளிர்காற்றுக்கான விளக்கம் இதைவிட அழகானது. ஆழமான சுரங்கங்கள் மூச்சு விடுகின்றன. வெளியில் காற்றழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று வாய்வழியே வெளியேறும். அழுத்தம் கூடும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நிலத்தடிக் காற்றின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை என்பதால், கோடையில் சுரங்க வாயருகே நிற்பவர்மீது திடீரென்று குளிர்ந்த காற்று படும். குளிர்கால விடியலில் அதே வாயிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று எழுந்து, வெளியே வந்ததும் வெண்ணிற ஆவியாகத் தெரியும். ஒரு மனிதன் நிற்கும் உயரத்துக்கு எழுந்து அசையும் அந்த வெண்மையைக் கண்டு யாரேனும் ஓடியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், ஓடியது வேறொரு காரணத்துக்காகவும் சரியான செயல்தான்.

ஆவி வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மின்காந்தப் புல அளவிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை மின்கம்பிக் கசிவையும் கைப்பேசி அலைகளையும் பதிவு செய்யும் கருவிகள். அவற்றின் முள் அசைந்தால் அருகில் ஏதோ மின்சாரம் இருக்கிறது என்றுதான் பொருள். மற்றபடி, ஒருவர் பாதுகாப்பாகப் பொழுதுபோக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படி எல்லாவற்றையும் இயற்பியலாக்கிவிட்டு நகர்ந்துவிட்டால், கதைகள் எதைச் சுமந்துவந்தன என்பதைத் தவறவிட்டுவிடுவோம். வல்ச்சர் சிட்டியின் இரண்டு முக்கியமான ஆவிக் கதைகளும் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. அது தங்கத் திருட்டு.

முதலாவது, தூக்குமரம். விக்கன்பர்க்கினுடையது என்று சொல்லப்படும் கல்வீட்டின் இடிபாட்டருகே ஒரு பழைய இரும்புமரம் நிற்கிறது. இது சோனோரா பாலைவனத்துக்கே உரிய மரம். இதன் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. பல நூறு ஆண்டுகள் உயிரோடிருக்கக்கூடியது. இந்த மரத்தில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்றும், பெரும்பாலோரின் குற்றம் உயர்தரத் தாதுவைத் திருடியது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த எண்ணிக்கையை வாய்மொழி மரபாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருட்டு ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அக்காலத்தில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலர், மேற்கு மாநிலச் சுரங்கங்களில் ஒரு தொழிலாளியின் நாட்கூலி பொதுவாக மூன்று நான்கு டாலர். மதிய உணவுப் பெட்டியின் அடியிலோ காலணிக்குள்ளோ மறைத்து எடுத்துவரும் கைப்பிடியளவு தாதுவில் ஒரு வாரக் கூலி அடங்கியிருக்க முடியும். சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரை ஆலைக்குப் போகும் நீண்ட வண்டிப் பாதையில் கண்காணிப்பும் குறைவு. தோண்டியதில் ஒரு பங்கு கணக்கிலேயே வராமல் போயிற்று என்பதை அக்காலத்தவர் அனைவரும் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது கதை 1923-ஐச் சேர்ந்தது. சுரங்கத்தில் தாதுவை வெட்டும்போது கூரை சரியாமலிருக்க, இடையிடையே பாறைத் தூண்களை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். அந்தத் தூண்களும் தாதுதான். அவற்றிலும் தங்கம் இருக்கிறது. சுரங்கம் நொடித்து, புதிய தாது கிடைப்பது அரிதாகும்போது, தூண்களைச் சுரண்டும் ஆசை வருவது உலகெங்கும் நடந்திருக்கிறது. அப்படி ஏழு தொழிலாளிகள் தங்கள் பன்னிரண்டு கழுதைகளோடு உள்ளே போய்த் தூண்களைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்த பாறை மொத்தமும் இறங்கி அவர்களைப் புதைத்துவிட்டது என்றும், உடல்கள் மீட்கப்படவே இல்லை என்றும் சொல்கிறார்கள். தரை உள்வாங்கிய அந்தப் பெரும் பள்ளத்தை இன்றும் வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். இரவில் கழுதைகளின் சத்தம் கேட்கிறது என்பது இதன் தொடர்ச்சி. இந்தப் பகுதியில் சுரங்கக் காலத்தில் அவிழ்த்துவிடப்பட்ட கழுதைகளின் சந்ததிகள் காட்டுக் கழுதைகளாகவே திரிகின்றன என்பதை வழிகாட்டிகள் எப்போதும் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த இரண்டு கதைகளும் என்னைப் பொறுத்தவரை தொழிலாளர் வரலாறு. மாநகரங்களில் இருந்த பங்குதாரர்களின் கைக்குப் போகும் தங்கத்தை, வெயிலில் வெந்தவர்கள் கொஞ்சம் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள். முதலாளியாக இருந்தவரின் கதையும் இனிமையானதல்ல. விக்கன்பர்க் 1866-இல் சுரங்கத்தின் ஐந்தில் நான்கு பங்கை நியூயார்க்கைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபெல்ப்ஸுக்கு 85,000 டாலருக்கு விற்றார். முன்பணமாக வந்த 20,000 டாலரோடு சரி, மீதி வரவே இல்லை. வழக்காடியதில் கையிலிருந்ததும் கரைந்தது. பிறகு ஆற்றங்கரையில் விவசாயம் செய்தார். 1890 பிப்ரவரி 22 அன்று மேல்நீரோட்டத்திலிருந்த வால்நட் குரோவ் அணை உடைந்து, நூறுக்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அவருடைய விளைநிலத்தையும் பாழாக்கியது. 1905 மே மாதம், எண்பத்தைந்து வயதில், அதே ஆற்றங்கரையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். தற்கொலை என்று முடிவு செய்யப்பட்டது. அரிசோனாவின் மிகப் பெரிய தங்கச் சுரங்கத்தைக் கண்டவர் ஏழையாகச் செத்தார்.

ஊர் எப்படிச் செத்தது என்பதும் கேள்வியின் பகுதிதான். நிலத்தடியில் பாறை பிளந்து நழுவிய ஓரிடத்தில் தாது நரம்பு அறுபட்டுவிட்டது. தொடர்ச்சி எங்கே போனது என்று தேடுவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. 1897-இல் தபால் நிலையம் மூடப்பட்டது. 1908-இல் வந்த புதிய நிறுவனம் நரம்பின் தொடர்ச்சியைக் கண்டுபிடித்து 1917 வரை வெட்டியது. பிறகு அதுவும் இன்னொரு பிளவில் மறைந்தது. 1934-இல் அமெரிக்க அரசு தங்கத்தின் விலையை அவுன்ஸுக்கு 35 டாலராக உயர்த்தியது. அந்தப் பத்தாண்டில் பழைய கழிவு மணலைச் சயனைடில் ஊறவைத்து மிச்சத் தங்கத்தைப் பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 அக்டோபரில், போருக்கு அவசியமற்றவை என்று தங்கச் சுரங்கங்களை மூடச் சொல்லி வந்த எல்-208 ஆணை கடைசி ஆணியை அடித்தது. தொழிலாளிகள் தாமிரச் சுரங்கங்களுக்கும் படைக்கும் போனார்கள். இப்படியொரு மூடலில் யாரும் வீட்டைப் பெயர்த்து எடுத்துப் போவதில்லை. மேசையும் கட்டிலும் இருந்தபடியே கிடக்கும். ஆட்கள் திடீரென்று மாயமானது போன்ற அந்தத் தோற்றம்தான் வருகிறவர்களின் முதுகைச் சில்லிட வைக்கிறது என்று நினைக்கிறேன்.

பயணத்துக்கான விவரங்களைச் சொல்கிறேன். பீனிக்ஸிலிருந்து அமெரிக்க நெடுஞ்சாலை 60 வழியாக விக்கன்பர்க் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். அங்கிருந்து வல்ச்சர் மைன் சாலையில் தென்மேற்கே ஏறத்தாழ 12 மைல். பொதுப் போக்குவரத்து கிடையாது. வாடகை கார்தான் வழி. இடம் தனியாருக்குச் சொந்தமானது. நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாட்களும் நேரமும் பருவத்துக்கேற்ப மாறுகின்றன. இரவுச் சுற்றுகளும் அவ்வப்போதுதான் நடக்கின்றன. ஆகவே கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. ஜூன், ஜூலையில் வெயில் 43 டிகிரியைத் தாண்டும். நம் வேலூர் வெயிலைத் தாங்கியவன் என்ற தைரியம் அங்கே உதவாது, ஏனென்றால் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பதே தெரியாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது காரில் இருக்க வேண்டும். சாலையில் கைப்பேசி இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் அலுவலகமாக இருந்த கற்கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கற்களாலேயே எழுப்பியதால், அதன் சுவருக்குள்ளேயே தங்கமும் வெள்ளியும் இருக்கிறது என்று சொல்வார்கள். தங்கத்தைப் பிரித்தெடுக்கச் செலவு மிகும் தரக்குறைவான தாதுவைச் சுவருக்குப் பயன்படுத்துவது சுரங்க ஊர்களில் நடப்பதுதான் என்பதால், இதில் வியப்பதற்கு அதிகமில்லை. சமையற்கூடம், பள்ளிக்கூடம், எந்திரக்கூடம் ஆகியவற்றைவிட, சுரங்க வாயின் மேல் நிற்கும் மரக்கோபுரம் என்னைக் கவர்ந்தது. மனிதர்களும் தாதுவும் ஏறி இறங்கிய வழி அது. சுற்றிலும் கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் 150 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை. ஆகப் பெரியவற்றில் சில, ஊர் உயிரோடிருந்த காலத்தையும் கண்டவையாக இருக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கலாமா என்ற கேள்விக்கு இல்லை என்பதே பதில், வேலி உடைந்திருந்தாலும், வேறு யாரோ இறங்கியிருந்தாலும், ஐந்து நிமிடம் மட்டும்தான் என்றாலும். அரிசோனாவில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் குகைகளும் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சுரங்க ஆய்வாளர் என்ற பதவிக்குத் தேர்தல் நடத்தும் ஒரே அமெரிக்க மாநிலம் அதுதான் என்பதிலிருந்தே பிரச்சினையின் அளவை ஊகிக்கலாம். உள்ளே கிடைமட்டமாகப் போகும் வழியின் தரையில், மக்கிய பலகை மட்டுமே மூடியிருக்கும் செங்குத்துக் குழிகள் இருக்கும். அழுகும் மரமும் ஆக்சிஜனேற்றமடையும் தாதுவும் காற்றிலிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். அதற்கு வாசனையோ நிறமோ கிடையாது. மயங்கி விழும்வரை எதுவும் தெரியாது. விட்டுப்போன பழைய டைனமைட்டிலிருந்து நைட்ரோகிளிசரின் கசிந்து பளிங்காகப் படிந்திருந்தால், தொட்டாலே வெடிக்கக்கூடும். நிழல் தேடும் ரேட்டில்ஸ்னேக் பாம்புகளுக்கும் சுரங்க வாய்தான் விருப்பமான இடம்.

ஊரின் பொதுப் பாதையிலேயே நின்றாலும் இரண்டு சிறிய எச்சரிக்கைகள் உண்டு. பூட்டிக்கிடக்கும் கட்டடங்களில் எலிப்புழுக்கை படிந்த தூசியைக் கிளப்பக் கூடாது. 1993-இல் இந்தத் தென்மேற்குப் பகுதியில்தான், மான் எலியின் கழிவால் பரவும் ஹாண்டா வைரஸ் நோய் முதன்முதலாக அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பாலைவனப் புழுதியிலிருந்து நுரையீரலைத் தாக்கும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் (Valley fever) என்ற பூஞ்சைத் தொற்றும் அரிசோனாவில் சகஜம். புழுதிக்காற்று அடித்தால் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் விடாத இருமலும் காய்ச்சலும் வந்தால், மருத்துவரிடம் இந்தப் பயணத்தைக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் நம் ஊரில் அந்த நோயை யாரும் உடனே சந்தேகிக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், காலை திறந்ததும் வல்ச்சர் சிட்டிக்குள் போய், வெயில் ஏறும் முன் பார்த்து முடித்துவிட்டு, மதியம் விக்கன்பர்க் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். அங்கே சிறைச்சாலை இல்லாத காலத்தில் கைதிகளைச் சங்கிலியால் கட்டிவைத்த மெஸ்கீட் மரம் ஊர் நடுவிலேயே நிற்கிறது. டெசர்ட் கபாலெரோஸ் அருங்காட்சியகத்தில் அக்காலத் தெருவையும் கடைகளையும் மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். மாலையில் ஹஸ்ஸயாம்பா ஆற்றுப் பாதுகாப்பகம் திறந்திருந்தால் ஒரு நடை போய்வரலாம். பெரும்பாலான தூரம் மணலுக்கடியில் ஓடும் அந்த ஆறு அங்கே வெளியே தலைகாட்டுகிறது. அதன் தண்ணீரைக் குடித்தவன் பிறகு உண்மையே பேச மாட்டான் என்பது அந்த வட்டாரத்தின் பழைய நையாண்டி. இரவுச் சுற்றில் உங்களுக்குக் கதை சொல்லப்போகும் வழிகாட்டி எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று கேட்டுவைத்துக்கொள்வதில் தவறில்லை.